மேலே நின்ற புள்ளி

“அந்த ஒரு புள்ளியத் தூக்கிடும்மா.”

சட்டையில் ஒட்டிய நூலைத் தட்டிவிடச் சொல்வதுபோலத்தான் பேராசிரியர் சொன்னார்.

திரையில் அறுபது புள்ளிகள். கணையப் புற்றுநோயாளிகள் முப்பது பேர், சிவப்பு, மேலே. நோயில்லாதவர்கள் முப்பது பேர், நீலம், கீழே அடங்கிக் கிடந்தார்கள். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறிவிடுகிறது என்று அவர் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார். அதை நிரூபிப்பதில் அவருடைய ஆராய்ச்சி மாணவியான அவளுக்கு ஆறு வருடம் போயிருந்தது.

ஒரே ஒரு நீலம் மட்டும் சிவப்புகளுக்கு நடுவே போய் நின்றது. எண் இருபத்து மூன்று.

“மூணு தடவை பாத்துட்டேன் சார். மூணு வேற வேற நாள்ல.”

“தப்ப மூணு தடவை பண்ணா சரியாயிடுமா?”

பக்கத்து மேஜை ஜூனியர் சட்டென்று குனிந்து நுண்ணோக்கியைப் பார்த்தாள். அதில் கண்ணாடித் தகடு எதுவும் இல்லை.

அவர் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். காலை நடையில் எட்டு கிலோ குறைத்துவிட்ட பெருமையை இந்த மாதம் அந்த மாடியில் கேட்காதவர் இல்லை. அவளுக்குக் காலை என்றால் ஃப்ரீசர் கதவு. நடக்க ஏது நேரம்.

“வெள்ளிக்கிழமை பேப்பர் போகணும். அது போகலைன்னா உன் தீசிஸும் போகாது. இங்கயே உக்காந்து தலை நரைக்க வேண்டியதுதான்.”

போன வருடம் இதே குரலில் ஒரு பேப்பரிலிருந்து ஒரு பெயரைத் தூக்கச் சொன்னார். நான்கு வருடம் உழைத்த சீனியர் அக்காவின் பெயர். அன்றைக்கு அவள் மறுபேச்சில்லாமல் தூக்கினாள். இப்போது அக்காவுக்குச் செய்தி அனுப்பினால் பதில் வருவதில்லை.

“காரணம் என்னன்னு சார் எழுதறது?”

“ரத்தம் எடுத்தது நீதானே? குத்தத் தெரியாம குத்தி சாம்பிளக் கெடுத்துட்டேன்னு எழுது.”

காது மடல் சுட்டது.

நோயில்லாதவர்கள் முப்பது பேரும் இதே கட்டிடத்தில் பிடித்த ஆட்கள்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே அறையில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். அட்டெண்டர் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு “முடிஞ்சுதா, முடிஞ்சுதா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேராசிரியர் “பழி வாங்கிடாதம்மா” என்று கையை நீட்டினார். கணக்குப் பிரிவு அம்மா ஊசி இறங்கியதே தெரியாமல் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவருக்குக்கூட இரண்டாவது தடவை குத்தவில்லை. முப்பது குழாயிலும் மேலே பிரிந்த சீரம் துளிகூடச் சிவந்து கெடாமல் தெளிந்த மஞ்சள்.

இந்த ஆய்வகத்தில் அவளுடையது என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கை. அதையும் கெட்டது என்று அவளே எழுத வேண்டுமாம்.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். எண்ணுக்குரிய பெயர்கள் அலமாரியில், ஒட்டிய உறைக்குள். எந்தக் குழாய் யாருடையது என்று குழாய்க்கு எண் போட்ட வேறொருவரைத் தவிர யாருக்கும், ரத்தம் எடுத்த அவளுக்கும்கூட, தெரியாது. ஒரு மாதிரியை நீக்கினால் மட்டும் உறையைப் பிரித்து, அந்தப் பெயருக்கு எதிரே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

உறையைக் கிழித்தாள்.

‘பேராசிரியர் சொன்னதால் நீக்கப்பட்டது.’ அதைத்தான் எழுதப்போகிறாள். வந்தது வரட்டும். தீசிஸ் போனால் போகட்டும். ஆறு வருடமாக விழுங்கியதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கட்டும். பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

பதினெட்டு, அட்டெண்டர் அண்ணன். இருபத்தொன்று, கணக்குப் பிரிவு அம்மா.

விரல் இருபத்து மூன்றுக்கு இறங்கியது.

மூடி பல்லிடுக்கிலேயே இருந்தது.

எண்ணையும் எதிரே இருந்த பெயரையும் மறுபடி படித்தாள்.

இந்த ஆய்வு சரியாக வந்துவிட வேண்டுமே என்று ஆறு வருடம் தவித்தவள், முதல் தடவையாக, இது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்று நினைத்தாள். அப்படி நினைக்க வைத்ததற்காக அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. ஒரே ஒரு வரி சேர்த்து வைத்திருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டாயிற்று.

“எழுதியாச்சா இல்லையா?”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கத்தினார். மறுபடி பேன்ட்டை இழுத்துவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை. அது வட்டமாகக்கூட இல்லை. ஆணியால் குத்தியிருக்க வேண்டும்.

அவள் திரும்பி வந்தபோது கையில் காகிதம் இல்லை. ரப்பர் பட்டை, பிரிக்காத ஊசி, ஒரு காலிக் குழாய்.

“என்னம்மா இது?”

நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டாள். சத்தமாகவே போட்டாள்.

“சட்டைக் கைய மடக்குங்க சார்.”