கேப்டன் சட்டையின் வாசனை

“உண்மையைச் சொல்லிடுங்க. எத்தனை நாளா நடக்குது இது?”

கேட்டபோது அவள் கையில் கணவனின் வெள்ளைச் சட்டை இருந்தது. காலரை ஒரு தடவை, மார்புப் பக்கம் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி மோந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த கேப்டன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். “எது நடக்குது?”

“மூணு நாளா இதே வாசனை. எனக்கு மூக்கே இல்லைன்னு நெனச்சுட்டீங்களா?”

“என்னம்மா இது? என்னைப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது?”

“அப்படிப்பட்ட ஆளா இருந்தாக்கூடப் பரவாயில்லை. நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு எங்க அக்கா வீட்டுக்குக் கெளம்பிப் போயிருப்பேன். இது பொரிச்ச கோழி வாசனை!”

கேப்டன் என்பது ஊரே கூப்பிடுகிற பெயர். ஆறு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் தீவுகளுக்குத் தபாலும் மருந்தும் கொண்டு போகிறவர். போன தடவை உடல் பரிசோதனையில் ரத்தக் கொழுப்பு எக்கச்சக்கமாக எகிறியிருந்தது. “மூணு மாசம் டைம் தர்றேன். எண்ணெயில பொரிச்சதைக் கண்ணாலகூடப் பாக்கக் கூடாது. குறையலேன்னா கையெழுத்துப் போட மாட்டேன்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் விமானத்தைத் தொட முடியாது. கால் முறிந்து கிடந்த ஒரு மாதத்தில், பறக்காத கேப்டன் வீட்டில் எப்படி இருப்பார் என்று அவள் பார்த்துவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, வானத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால்தான் இரண்டரை மாதமாக வீட்டில் வேகவைத்த காய். அவருக்குத் துணையாக அவளும் அதையேதான் தின்றாள்.

கேப்டன் முகத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது.

“அட, அதைச் சொல்றியா! விமானத்துக்குப் புது எரிபொருள் வந்திருக்குன்னு சொன்னேனே, மறந்துட்டியா? ஹோட்டல்ல பொரிச்சு முடிச்சு வேண்டாம்னு தள்ளுற எண்ணெய் இருக்கில்ல, அதுலேருந்து தயாரிக்கறது. காத்து கெடறது கொறையும். அந்த வாசனைதான் இது.”

“நெசமாவா?”

“பின்னே? தெனமும் கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு குவளையில பிடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு பாத்து, மோந்து பாத்துட்டுத்தானே ஏறுறேன். சட்டையில ஒட்டாம என்ன செய்யும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. உலகத்துக்கு நல்லது செய்கிற மனுஷனைத் திருடனைப் போல நிற்கவைத்து விசாரித்துவிட்டோமே என்று வெட்கப்பட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டில் வேகவைத்த காயோடு ஒரு முட்டையும் அவர் தட்டில் விழுந்தது.

அதற்கப்புறம் சட்டையை அவள் பெருமையோடுதான் மோந்தாள். “அக்கா, எங்க வீட்டுக்காரர் சட்டையை மோந்தாலே பூமிக்கு நல்ல காலம் பொறந்துடுச்சுன்னு தெரியுது!” என்று போனில் அளந்துவிட்டாள்.

வியாழக்கிழமை அடைமழை. ஒரு விமானமும் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை என்று கேப்டனே புலம்பிக்கொண்டு வந்தார். அன்று துவைக்கப் போட்ட சட்டை வழக்கத்தைவிடக் கமகமவென்றது. ஈரத்தில் வாசனை தூக்கலாகத்தான் இருக்கும், பாவம் மனுஷன் என்று சோப்பை இன்னும் நாலு இழுப்பு இழுத்தாள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவை கேப்டன் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். பசியோடு பறக்கப் போகிறாரே என்று அவளே அதைத் தூக்கிக்கொண்டு விமானக் கொட்டகைக்குப் போனாள். இறக்கைக்கு அடியில் தலைமை மெக்கானிக் குனிந்து நின்றாள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

“வாங்க அண்ணி! நம்ம புது எரிபொருளைப் பாத்ததில்லையே நீங்க?”

இறக்கையின் அடியிலிருந்த சின்னத் திருகைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து நீட்டினாள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

அவள் அதை வாங்கி ஆசையாக மோந்தாள். மறுபடியும் மோந்தாள். லேசான மண்ணெண்ணெய் வாசனைதான் வந்தது.

“இது பழசு போலிருக்கு. பொரிச்ச வாசனையே காணோமே?”

மெக்கானிக் சிரித்துவிட்டாள். “புதுசேதான் அண்ணி. ஆலையில சுத்தம் பண்ணும்போதே அந்த வாசனையெல்லாம் போயிடும். துளிகூட இருக்காது. வர்றவங்க எல்லாருமே இதைத்தான் கேக்கறாங்க. அண்ணன்தான் பொறுமையா வெளக்கிச் சொல்வாரு.”

அப்போது சீட்டியடித்தபடியே கேப்டன் உள்ளே வந்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு. மனைவியையும் அவள் கையிலிருந்த குவளையையும் பார்த்ததும் சீட்டி பாதியில் நின்றது.

மூன்று மாத வேகவைத்த காயெல்லாம் அவள் தொண்டைக்கு வந்து நின்றது. நாளைய பரிசோதனை நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு டப்பாவை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, கணவனிடம் போய், அவர் காலரை ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

“எந்தக் கடை?”