பட்டங்களுக்கு இடம் போதாது

திருகோணமலை மக்களுக்கு இதனால் அறியத்தருவது: சமாதான நீதவான், தேசகீர்த்தி, சமூகச்சுடர் கனகசிங்கம் அவர்கள் துறைமுக வீதிக் கடையொன்றில் ஒரு மடிக்கணினியை எதிர்த்து நின்றார்.

கடைக்காரி ரிஸ்லா அதற்குப் புது டிஸ்க் பூட்டி, விண்டோஸையும் புதிதாக ஏற்றியிருந்தாள். பாவிப்பவர் பெயரைத் திரை கேட்டது.

“இருபது எழுத்துக்கு மேல ஏலாது சேர். வெறும் பேரைப் போடுவமா?”

“ஒரு பட்டமும் விடேலாது, பிள்ளை! மகளின்ர கலியாணக் கார்டிலயே முழுக்கப் போட்டது. இந்தப் பெட்டிக்கு மட்டும் என்ன கொழுப்பு?”

“சமாதான நீதவானை மட்டும் விட்டா…”

“விட்டா, என்னட்டக் கையெழுத்துக்கு வாற சனம் என்ன நினைக்கும்?”

அரை மணி நேரமாகியும் அவர் இறங்கி வரவில்லை. பக்கத்துக் கதிரையிலிருந்த மனைவி தங்கமுத்து எழுந்து வந்து, தன் பெயரைத் தட்டினார். திரை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

“என்னப்பா செய்யிறீர்? உம்மட பேரை உடன அழியும்!”

“அழிக்கமாட்டன். நாளைக்குக் காலமை பிள்ளைகளுக்கு இதிலதான் கணிதம் படிப்பிக்க வேணும். உங்கட பட்டமெல்லாம் கலியாணக் கார்டிலயே இருக்கட்டும்.”

மடிக்கணினி தங்கமுத்து டீச்சருடையது. கனகசிங்கம் பை தூக்க வந்தவர்.