சனிக்கிழமைக் கொலை

நூலக அறையில் இருந்தவர்கள்: ஓட்டல் முதலாளி ரூபர்ட், அவர் மனைவி ஹேரியட், தங்க வந்திருந்த பிம்லட் தம்பதி, ஒரு இன்ஸ்பெக்டர், சமையல்காரனான நான். ரூபர்ட் கணப்பருகே கம்பளத்தில் கிடந்தார். பக்கத்தில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்திருந்தது.

“யாரும் வெளிய போகக் கூடாது,” என்றார் இன்ஸ்பெக்டர். “டீ போட்டது யாரு?”

“நான்தான் சார்.”

“இவன் முழியே சரியில்ல,” என்றாள் திருமதி பிம்லட்.

“சும்மா இரு. அவனே சொல்லுவான்,” என்றார் கணவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். ஹேரியட் முந்திக்கொண்டாள்.

“அவன விடுங்க. டீயில விஷம் கலந்தது நான்.”

“ஏன் மேடம்?”

“வர்றவங்ககிட்டல்லாம் இவர் சிரிப்பார். அவங்க போனதும் கதவச் சாத்திட்டு என்னை அடிப்பார்.”

பிம்லட் தம்பதி எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஆறு அறை மட்டுமே உள்ள எங்கள் கிராமத்து ஓட்டலுக்கு ஆள் வருவதே இந்தச் சனிக்கிழமைக் கொலை நாடகத்துக்காகத்தான். கொலைகாரனை விருந்தினர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டியவரைச் சாமான் அறையில் பூட்டுவோம். கைதட்டல் கேட்டதும் ரூபர்ட் துள்ளி எழுந்து எல்லோரையும் வணங்குவார்.

இன்ஸ்பெக்டர் வேடம் போட்டிருந்த தோட்டக்காரன் ஆல்ஃபி என் காதருகே குனிந்தான்.

“டேய், கதைப்படி கொலைகாரன் நீதானடா?”

கைதட்டல் ஓய்ந்தது. ரூபர்ட் எழுந்திருக்கவில்லை.

ஹேரியட் தானாகவே சாமான் அறைக்குள் நடந்தாள்.

“பூட்டிடு, காலின். நெஜப் போலீஸக் கூப்பிடு.”

கதவைச் சாத்திப் பூட்டினேன்.