சாட்சி பாட்டில்

"எருமைகூட இந்தத் தண்ணியில இறங்காதும்மா!" என்று ஆய்வுக்கூடத்து மேடம் மேசையைத் தட்டினார்.

ஆற்றுநீரின் மாதிரி எடுத்துவரும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால், கதவோடு கதவாக, வேன் டிரைவர் ஒட்டகம்.

ஒரே மூச்சில் ஒரு குடத்தைக் காலி செய்வார் என்பதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

ஆற்றுக்குப் போகும் ஐஸ் பெட்டியில், மாதிரி பாட்டில்களோடு ஒரு பாட்டில் சும்மா போய்ச் சும்மா திரும்பி வரும். ஆய்வுக்கூடத்திலேயே காய்ச்சி வடித்து நிரப்பிய, ஒரு பாவமும் அறியாத தண்ணீர். கல்யாண வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் திரும்பும் சம்பந்தி மாதிரி. வழியில் அதை யாரும் திறக்கக் கூடாது. திரும்பி வந்த பிறகும் அது சுத்தமாக இருந்தால், மற்ற பாட்டில்களை ஒழுங்காகக் கையாண்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த முறை ஆறு தேறிவிட்டது. சாட்சி தேறவில்லை.

உள்ளே கிருமிகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தன.

"ஆத்துத் தண்ணியே தேவலை. நாளையிலேருந்து நீ வர வேணாம்."

"நான் மூடியைத் தொடவே இல்ல மேடம்." அவள் குரல் உடைந்தது. முதல் சம்பளம்கூட இன்னும் வாங்கியிருக்கவில்லை.

ஒட்டகத்துக்குத் தொண்டை வறண்டது.

ஆற்றுக்குப் போன அன்றைக்கும் இப்படித்தான் வறண்டது. அவள் பாலத்துக்குக் கீழே இறங்கிப் போயிருந்தாள். கொளுத்தும் வெயிலில் அவரும் ஐஸ் பெட்டியும் மட்டும். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க அவருக்கென்ன பைத்தியமா?

"தங்கச்சி மேல தப்பில்ல மேடம். நான்தான் குடிச்சிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "உப்புச் சப்பே இல்ல."

மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"குடிச்சதும் இல்லாம, எந்தச் சாக்கடையிலய்யா ரொப்பிக் கொண்டாந்தே?"

கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பது மேடத்தின் வழக்கம். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த சுத்திகரிப்புப் பெட்டியில் ஒரு தம்ளர் பிடித்தார். அதிகாரிகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்த பெட்டி. எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய மடக்காக வாய் நிறைய எடுத்தார்.

சாக்கடை என்ற சொல் ஒட்டகத்தைச் சுட்டுவிட்டது. அவர் ஏனோதானோ என்று ரொப்புகிற ஆள் இல்லை. திரும்பி வந்ததும், மேடம் வெளியே போகும்வரை காத்திருந்து, இந்தக் கட்டடத்திலேயே ஒசத்தியான தண்ணீராகப் பார்த்துத்தான் ரொப்பினார்.

விரலை நீட்டினார். பச்சை விளக்கைப் பார்த்து.

மேடத்தின் கன்னங்கள் உப்பியது உப்பியபடி நின்றன.

அந்த அறையில் எதற்கும் ஒரு விதி உண்டு; சுவரெங்கும் ஒட்டியிருந்தார்கள். விழுங்குவதா துப்புவதா என்று மட்டும் எதிலும் இல்லை.