எண்ணெய் தேய்த்த கை

கடலோர ஊர் ஒன்றில், காவலர் அங்கப்பன் வீட்டில் ஒரு மூங்கில் தடி இருந்தது. அவர் மனைவி செங்கமலம் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துப் பேணிய தடி அது. அதனால் அதற்குச் சற்றே கர்வம்.

வெள்ளையர் சட்டத்தை மீறி ஊரார் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த அன்று, பானைகளை உடைக்கும்படி உத்தரவு வந்தது. பெண்கள் பானைகளை அணைத்தபடி தலை குனிந்து அமர்ந்திருந்தனர். அங்கப்பன் தடியை ஓங்கினார்.

"இவர்களை விலகச் சொல். நாங்கள் சர்க்கார் உப்பைத் தின்கிறவர்கள்," என்றது தடி, எதிரே புகையில் கறுத்திருந்த மண்பானையிடம்.

"சர்க்காருக்கு ஏதப்பா உப்பு? நம் கடல் தந்ததைப் பூட்டி வைத்து நமக்கே விற்கிறார்கள்," என்றது பானை. "நேற்றுவரை உங்கள் வீட்டுக் கஞ்சி என் வயிற்றில்தான் கொதித்தது. என்னைத்தான் தெரியவில்லை, என்னை அணைத்திருக்கும் கைகளையாவது பார்."

தடி பார்த்தது. அந்த விரல்களின் ஒவ்வொரு ரேகையும் அதற்குத் தெரியும். நின்றுவிடத்தான் விரும்பியது. ஆனால் ஓங்கியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தடிக்கோ சொந்தக் கை இல்லை.

மாலையில் அது வழக்கமான மூலையில் சாத்தப்பட்டது. எண்ணெய்க் கிண்ணம் அருகிலேயே இருந்தது. செங்கமலம் துணி சுற்றிய கையை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். அடுப்பின் மேல் பானை இல்லை.