ஒரே ஒரு பட்டன்

"சிஸ்டர், நீங்க கை வைக்காத மாசமே கிடையாதா?"

ஆஸ்பத்திரியின் டூட்டி லிஸ்ட் போடும் ப்ரோக்ராமை எழுதியவன், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். ஹெட் சிஸ்டர் நின்றபடியே பார்த்தார்.

முதலில் அந்த ப்ரோக்ராமில் இருபது செட்டிங்ஸ் இருந்தன. யாருக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு அத்தனையையும் ஒரே பட்டனாகச் சுருக்கியிருந்தான். அமுக்கினால் போதும். இரண்டு பேருடைய டூட்டியை அதுவே மாற்றிப் பார்க்கும். கேட்ட லீவு கிடைக்காதது, நைட் டூட்டி அடுத்தடுத்து விழுவது என்று லிஸ்டில் உள்ள குறைகளை எண்ணி, எண்ணிக்கை இறங்கினால் வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பழையபடி விட்டுவிடும். ஓரவஞ்சனை வரக்கூடாது என்று பெயரைக்கூட எடுத்துவிட்டு நம்பர்தான் போட்டிருந்தான்.

"மாசாமாசம் பதினேழாம் நம்பரோட ஞாயித்துக்கிழமை லீவை கேன்சல் பண்றீங்க. ஆறு மாசமா! அவங்க மேல அப்படி என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல தம்பி. பட்டனை அமுக்கினா ஒன்பது குறையில வந்து நின்னுடுது. அப்புறம் எத்தனை தடவை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது."

"அதனால?"

"ஒருத்தர் லீவை எடுத்துட்டு அமுக்கினா, கடகடன்னு இறங்கி ஒண்ணுல வந்து நிக்குது. முதல்ல யாராவது விட்டுக்கொடுத்தாத்தான் மத்தவங்களுக்கு வழி பிறக்குது."

அவனுக்குச் சுருக்கென்றது. முதலில் ஒரு குறை கூடினாலும் பரவாயில்லை என்று மாற்றிப் பார்க்கும் செட்டிங்கைத்தான், 'இது வேற எதுக்கு' என்று தூக்கியிருந்தான். ஆனாலும் விட மனசில்லை.

"சரி, அதுக்கு எப்பவும் பதினேழுதான் கிடைச்சாங்களா?"

"வேற யார் லீவுல கை வைச்சாலும் சண்டைக்கு வந்துடுவாங்க."

"வாயில்லாப் பூச்சின்னா ஏறி மிதிச்சுடுவீங்களா? அவங்களுக்கும் குடும்பம், குழந்தைன்னு இருக்கும்ல?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுல அந்தச் சின்னப் பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்குது."

"தெரிஞ்சேதான் பண்றீங்க!" அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "லிஸ்ட் போடற வேலையை உங்ககிட்டேருந்து எடுக்கச் சொல்லி இன்னைக்கே பெரிய டாக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பதினேழைக் கூப்பிடுங்க. உங்களை வைச்சுக்கிட்டே அவங்களைக் கேக்கறேன்."

ஹெட் சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கேளுங்க தம்பி."