அடி, அங்குலம் ஒழிக்க ஒரு மனு

அமெரிக்காவில் புதிய அரசு வந்த கிழமையே, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அழகரத்தினம் அதற்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை?” என்றாள் மனைவி மங்கையற்கரசி.

“உலகமே மீற்றருக்கு மாறியிட்டுது. இவங்கள் மட்டும் இன்னும் அடி, அங்குலம் எண்டு நிக்கிறாங்கள். புது அரசாங்கமாவது மாத்தட்டும்!”

“உங்கட மனுவை ஆர் வாசிக்கப் போறாங்கள்?”

“வாசிக்கும்வரைக்கும் அனுப்புவன். எங்கட மகன் லோஜனுக்கு அங்கையிருந்து வந்த ரெண்டு சம்பந்தமும் இதாலைதானே குழம்பினது? சென்ரிமீற்றரிலை சொன்னா, அடியிலை சொல்லுங்கோ எண்டு நிப்பாங்கள். அடியிலை சொன்னா, பிறகு அவங்கட கதையே இல்லை. எனக்கு விசர் பிடிக்குது!”

கைபேசி அடித்தது. நியூ ஜெர்சியிலிருந்து மூன்றாவது சம்பந்தம், பெண்ணின் தகப்பன்.

“அண்ணை, சாதகம் நல்லாப் பொருந்துது. தம்பி என்ன உயரம்?”

“நூற்று ஐம்பத்துமூண்டு சென்ரிமீற்றர்,” என்றார் அழகரத்தினம் கம்பீரமாக. “இஞ்சை எங்களுக்கு அடிக்கணக்குப் பழக்கமில்லை. உங்களுக்கு இது விளங்காது, என்ன செய்யிறது!”

“ஏன் விளங்காது? நான் ஆஸ்பத்திரியிலை வேலை. நாள் முழுக்கச் சென்ரிமீற்றர்தான்.” மறுமுனையில் குரல் தணிந்தது. “மகள் நூற்று எழுபது, அண்ணை.”

மங்கையற்கரசி பாதி எழுதிய மனுவையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அட, சென்ரிமீற்றரை விடுங்கோ!” என்றார் அவர் அவசரமாக. “கலியாண விசயத்துக்கு எங்கட பழைய கணக்குத்தான் சரி. எழுதிக்கொள்ளுங்கோ: தம்பி அஞ்சடிக்கு மேலை!”